அடித்தொண்டைக் கசப்பு

உதயகுமார் மூக்கை வைத்துப் பிழைப்பவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஊதுபத்தி கம்பெனியில், வாசனைத் தைலம் வந்து இறங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்பது அவன்தான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தான். கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டபின், இனி குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கோயில் பூசாரி கட்டியது. அதை நம்பித்தான் மனைவி யுவராணி தாய்வீட்டிலிருந்து வானகரத்துக்குத் திரும்பி வந்தாள். "கயிறு இல்லாத கையை என்னிக்குப் பார்க்கிறேனோ, அன்னிக்கே கிளம்பிடுவேன்" என்று வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கரையான்சாவடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தபோது கிரண் வந்தான். ஆவடியில் கூடப் படித்தவன். இப்போது பெங்களூரில் சின்ன இடம் ஒன்றில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கிறான். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மாமே, வர்றவன் பாதி கிளாசை அப்படியே வச்சிட்டு எழுந்து போறான். இன்னா தப்புனு எவனுக்கும் புரியல. உன் மூக்கு சொல்லும்."

"நான் உட்டு எவ்ளோ நாளாச்சு. எடுத்துகினு போயிடு."

"குடிக்கவா சொன்னேன்? மோந்து பாருடா."

முகர்வதில் தப்பில்லை என்றுதான் உதயகுமாருக்கும் பட்டது. கிரண் ஊற்றிக் கொடுத்த கண்ணாடி டம்ளரை மெல்லச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனான். நுரை பொரிந்தது. "வாழைப்பழம், நல்லா கனிஞ்சது. பின்னாடியே லவங்கம். அடியில ரொட்டி." அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. குடித்த காலத்தில் எதையும் முகர்ந்ததில்லை. மூச்சைப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொள்வான்.

"வாசனையில குறை இல்ல மச்சான்."

"அப்போ கசப்புலதான் கீது. ஒரு வாய் வை."

"வச்சிட்டுத் துப்பிடறேன்."

"ஒயினை ருசி பார்க்கிறவன் துப்பலாம். இதுல கசப்பு அடித்தொண்டையிலதான் நிக்கும். முழுங்கினாத்தான் தெரியும். எங்காளுங்க யாரும் துப்ப மாட்டாங்க."

கம்பெனியில் சிலர், கல்யாணம் சாவு என்றால் கயிற்றைக் கழற்றிச் சாமி படத்து ஆணியில் மாட்டிவிட்டுக் குடிப்பார்கள். மறுநாள் கட்டிக்கொள்வார்கள். கழற்றியிருக்கிற நேரம் சத்தியத்தில் சேராது என்பது அவர்கள் நியாயம். உதயகுமார் அவர்களைக் கிண்டல் செய்திருக்கிறான்.

கையை நீட்டினான். "முடிச்சை அவுரு."

அவிழ்ந்த கயிற்றைச் சாமி படத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தான். ஒரு மடக்கு. கண்ணை மூடிக்கொண்டான்.

"டீத்தூளை ரொம்ப நேரம் கொதிக்கவிட்ட மாதிரி இழுக்குதுடா. துவர்ப்பு. உமி மாதிரி."

கிரண் மேஜையைத் தட்டினான். "பார்லி உமியில கொதிக்கிற தண்ணிய ஊத்தித் துவர்ப்ப இறக்கிட்டானுங்க! மாமே, மாசம் ஒருதபா பெங்களூரு வா. இதான் உனக்கு வேலை." போனில் யாரையோ திட்டிக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். பாட்டிலும் டம்ளரும் மேஜையிலேயே இருந்தன.

கொட்டிவிடலாம் என்று டம்ளரைச் சமையலறைத் தொட்டிவரை கொண்டுபோனான். இரண்டாவது மடக்கு, சொன்னது சரிதானா என்று பார்க்க. மூன்றாவதற்குக் காரணம் எதுவும் தேடவில்லை.

யுவராணி துணிப்பையோடு உள்ளே வந்தபோது, அவன் ஆணியிலிருந்து எடுத்த கயிற்றை இடக்கையாலேயே கட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். காலிப் பாட்டிலைப் பார்த்தாள்.

"ஊது."

"கிரண் வந்தான். ருசி பார்க்கிற வேலை யுவா. இது அந்தச் சரக்கு இல்ல. வாழைப்பழம், லவங்கம்லாம்..."

"ஊதுய்யா."

ஊதினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு நீ கிடந்த வார்டுதான் நாறுது."

உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

"யுவா, இதை மட்டும் கட்டி உடு."

"எவன் அவுத்தானோ அவனையே கூப்பிட்டுக் கட்டிக்கோ."

அவன் ஒரு முனையைப் பல்லில் கடித்து மறுமுனையை இழுத்தான். முடிச்சு விழவில்லை. புதுத் துணிகளைக் கட்டில்மேல் கொட்டிவிட்டு, அதே பையில் அவள் தன் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.