சடையனின் ஞாயிற்றுக்கிழமை

அரிசி விலை ஏறிய ஐம்பத்து மூன்றாம் வருடம், ஐப்பசி மாதத்தில், பதுளை அலவியின் லொறிப் புகைக்குழாய் இறந்துபோன சடையனின் குரலில் பேசத் தொடங்கியது. மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்கி, அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு திரும்பும் லொறி அது. கோயில் வளைவில் அது எப்போதும் இளைத்து நிற்கும். பின்னால் தொற்றிக்கொண்டு வரும் சடையன் குதித்து, பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவான். அலவி கியரைப் பிடித்து "எடு" என்று கத்தினால்தான் கட்டையை எடுப்பான். சொல்லாமல் எடுத்ததே கிடையாது. ஒரு மழைநாளில் கட்டை வழுக்கி, லொறி அவன்மேல் இறங்கிவிட்டது. பதறிப்போன அலவி அன்று "எடு" என்று சொல்லவே இல்லை.

அதன்பின் கட்டை போட யாரும் வரவில்லை. கராஜ் மர்ஸூக், மூச்சு விட வழியில்லாத எஞ்சின் எப்படி மலையேறும் என்று சொல்லி, சைலன்சரை அறுத்தெறிந்துவிட்டுக் கைத் தடிமனில் நேர்க்குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். முதல் நாளே வளைவில் குழாய் இருமியது. "போங்க மொதலாளி, கட்ட இருக்கு" என்றது. லொறி நிற்காமல் ஏறியது. மற்ற லொறிக்காரர்களும் அதே குழாயை வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வெறும் இரைச்சல்தான். அலவி கெட்டவர் அல்ல. ஆனால் ஆதாயம் வரும்போது யாருக்குத்தான் காது மந்தமாகாது? ஞாயிற்றுக்கிழமையும் லொறியை எடுத்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சங்கதி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய், ஒரு சனிக்கிழமை சடையனின் மனைவி அங்கம்மா வளைவில் லொறியை மறித்தாள். புருஷனின் இருமலை அவளும் கேட்டாள்.

"செத்தும் வேல வாங்குறீங்களே மொதலாளி. எடுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அதுக்குத்தான் அந்த மனுசன் நிக்குது."

"சொன்னா எண்ட லொறி நிண்டுடும் புள்ள."

"நிக்கட்டுங்க."

அலவி இறங்கிப் பின்னால் போனார். யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "எடு சடையா" என்று சொல்லி அழுதார். குழாய் அடங்கியது. லொறி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கம்மாவின் ஒற்றையறைக் காம்பராவிலிருந்து கூரைத் தகரம் அதிரக் குறட்டை வந்தது. சாட்சாத் அந்தக் குழாயின் சத்தம். லயமே வாசலில் நின்று நடுங்கியது. அவள் பயப்படவில்லை, அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தே பழகியவள். வெற்றுப் பாய்க்குப் போர்வை போர்த்திவிட்டு, நிம்மதியாக அழுதாள்.

திங்கட்கிழமை, வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்ததும் குறட்டை நின்றது. வளைவில் கிடந்த லொறி தானாக இருமியது. அங்கம்மா ஓடிப்போய்க் கேட்டாள்.

"எங்க வந்தீங்க? அதான் சொல்லியாச்சுல்ல?"

"இன்னிக்கு வேல நாளு புள்ள" என்றது குழாய்.

அறுபத்தொன்றில் அந்த லொறியை லுணுகலை வியாபாரி ஒருவர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்று அலவி முதலிலேயே சொல்லிவிட்டார். அவரும் சரி என்றார். மற்றவர்கள் அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் ஞாயிறுகளில் அங்கம்மா போவதில்லை. கதவைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து, லயத்துப் பிள்ளைகளைச் சற்றுத் தள்ளிப்போய் விளையாடச் சொல்வாள்.