ஒருமனப்பட்டு

சவப்பெட்டியின் மூடியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார்கள். முன்னால் வந்தவர் நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து உள்ளே நுழைந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சவெட்டா எழுந்தாள்.

"அத எங்க கொண்டு வர்றீங்க?"

"நேரமாச்சு சிஸ்டர்."

"வெளிய வைங்க. என் மகளுக்கு இன்னும் ஜெபம் முடியல."

இருவரும் லிவியுவைப் பார்த்தார்கள். அவன் இறந்தவளின் கணவன். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சன்னலோரம் நின்றிருந்த அவன் வெளியே பார்த்தான். அவர்கள் மூடியைத் திருப்பிக் கொண்டுபோய்த் தாழ்வாரச் சுவரில் சாய்த்தார்கள்.

தபிதா முந்தாநாள் காலை சுச்சாவா நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தாள். சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போய், கடைசியில் இரத்தத்திலும் கிருமி பரவிவிட்டது. பனிக்காலம் முழுக்கச் சபை அவளுக்காக உபவாசம் இருந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு நடுவில் ஒரு சகோதரி கண்ணை மூடிக்கொண்டு எழுந்து, இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவானதல்ல என்று கர்த்தர் சொல்லுகிறார் என்றாள். சபை முழுவதும் அழுதது. பின்வரிசையில் இருந்த லிவியு அழவில்லை. அவன் நில அளவை எஞ்சினியர். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவன். கல்யாணமான நாளிலிருந்து மனைவியோடு இந்தப் பெந்தெகொஸ்தே சபைக்கு வந்துகொண்டிருந்தாலும் ஞானஸ்நானம் எடுக்காதவன். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் தபிதா காரில் பாடிக்கொண்டே வந்தாள். அதற்காக அந்தச் சகோதரியிடம் அவனுக்கும் ஒரு நன்றி இருந்தது.

"எல்லாரும் ஏன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் சவெட்டா. "வார்த்தை வந்துச்சா இல்லையா? லாசருவுக்கும் இதே வார்த்தைதான் வந்துச்சு. அப்புறம் அவன் சாகலையா? செத்து, நாறி, அதுக்கப்புறந்தான் எழுந்தான். வார்த்தை பொய்யாச்சா?"

தபிதாவின் தங்கை எஸ்தெரா, "அம்மா, உக்காரு" என்று அவள் முழங்கையைப் பிடித்தாள். சவெட்டா கையை உதறினாள்.

"இவ வயித்துல இருக்கும்போதே அவங்க அப்பா வச்ச பேரு இது. வேதத்துல பேதுரு முழங்கால் போட்டு, செத்துக் கிடந்தவளப் பாத்து, தபிதா எழுந்திருன்னாரு. அவ கண்ணத் தொறந்து எழுந்து உக்காந்தா. இது கதையா? கதைன்னா யாராவது சொல்லுங்க. நானே மூடியக் கொண்டு வரச் சொல்றேன்."

கதை என்று அந்த அறையில் யாரால் சொல்ல முடியும்? சுவரோரம் நின்றிருந்த ஒரு பெண் முழங்காலிட்டாள். பிறகு அவள் கணவர். பிறகு எல்லாரும். துணிகள் சரசரக்க அறை முழுவதும் தாழ்ந்துபோனது. லிவியு மட்டும் நின்றுகொண்டிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்களுக்கிடையில் இடம் தேடித் தேடி வெளியே வந்தான்.

முற்றத்தில், ஊர்வலத்துக்கு வாசிக்க வந்த சபையின் ஊதுகுழல் பையன்கள் குளிரில் நின்றிருந்தார்கள். மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. ஒருவன் ஊதுகுழலைக் கவிழ்த்து எச்சில் தண்ணீரை வடித்தான். உள்ளேயிருந்து குரல்கள் எழுந்தன. ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒரே நேரத்தில், உரக்க. தூரத்தில் நின்று கேட்டால் சந்தைச் சத்தம் மாதிரி இருக்கும்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு பந்தெலிமோன் வந்தான். குழி வெட்டுகிறவன். முழங்கால்வரை மஞ்சள் சேறு.

"என்ன எஞ்சினியரே, கிளம்பலையா? குழியில தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போனா மீன் வாங்கி விட்டுறலாம்."

"ஜெபம் நடக்குது."

"உங்க மாமியார் வீட்டுக்காரங்க ஜெபம் எனக்குத் தெரியாதா? ஆரம்பிச்சா அடங்காது. எங்க பாதிரியார் கணக்கா எழுதி வச்சதப் படிச்சிட்டு வீட்டுக்குப் போனா என்னவாம்? என்ன கேக்குறாங்க இவ்வளவு சத்தமா?"

பந்தெலிமோன் காது கொடுத்துக் கேட்டான். பெயரும் 'எழுந்திரு'வும் திரும்பத் திரும்பக் கேட்டன. அவன் சிரிக்க ஆரம்பித்தான். பிறகு லிவியுவின் முகத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிச்சுக்க," என்றான். "எழுந்துட்டா சொல்லி அனுப்பு. குழிய மூடிட்டுப் போயிடறேன். நெசமாத்தான் சொல்றேன். சந்தோஷமா மூடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தான்.

பாஸ்டர் திராயன் தாழ்வாரத்துக்கு வந்தார். பெரிய உடம்பு. கறுப்புக் கோட்டின் முழங்கால் பக்கம் தரைவிரிப்பின் நூல் ஒட்டியிருந்தது. லிவியுவை மூடிக்குப் பக்கத்தில் ஒதுக்கி நிறுத்திக்கொண்டார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லுப்பா."

"நானா?"

"நீ புருஷன். நேரமாச்சு, எடுக்கணும்னு நீ சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நீங்க பாஸ்டர்."

"அதான் சொல்றேன். நான் போதும்னு சொன்னா என்ன அர்த்தம்? எனக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். ஜனவரியில அந்த வார்த்தைக்கு முதல்ல ஆமென் சொன்னது நான்தான்." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அவங்க மேலயும் தப்பில்ல. உயிர்ப்பிக்கிறவர் நம்ம நடுவுல இருக்கார்னு வாரா வாரம் நான்தானே சொல்றேன்."

"உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?"

திராயன் தன் காலணியைப் பார்த்தார்.

"காலையில இருந்துச்சு," என்றார்.

கதவு திறந்தது. சவெட்டா நின்றாள். தலைத்துணி பின்னால் சரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாதங்களில் அவள் லிவியுவிடம் மருந்துப் பெயர்களைத் தவிர அதிகம் பேசியதில்லை. மகளைச் சபைக்கு வெளியே இருந்த உலகத்தானுக்குக் கொடுத்தது தன் தவறு என்று அவள் சபையில் சொன்னதாக அவனுக்குத் தெரியும். இப்போது அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"உங்கள்ல ரெண்டு பேர் ஒருமனப்பட்டு எதைக் கேட்டாலும் கிடைக்கும்னு வேதத்துல எழுதியிருக்கு. நான் ஒருத்தி கேக்குறேன். அவ புருஷன் வெளிய நிக்கிறான். எப்படிக் கிடைக்கும்?"

"சிஸ்டர்..." என்றார் திராயன்.

"நீங்க சும்மா இருங்க பாஸ்டர். லிவியு, நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. ஞானஸ்நானம் எடுன்னு கூடக் கேட்டதில்ல. கேட்டேனா? ஒரே ஒரு தடவை என் பக்கத்துல வந்து முட்டிப் போடு. அவளுக்காகக் கேளு. இது கூடச் செய்ய மாட்டியா?"

உள்ளே ஜெபம் நின்றிருந்தது. திறந்த கதவின் வழியாக முழங்காலிட்ட அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டேன் என்றால், தபிதா செத்துக் கிடப்பது இனி அவனால். அது அபத்தம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் உள்ளே போனான்.

பெட்டியை ஒட்டி இடம் விட்டார்கள். அவன் முழங்காலிட்டான். முகம் அவள் தோளுக்கு நேராக வந்தது. வெள்ளை ரவிக்கை, கழுத்தில் மெல்லிய நூல் பின்னல் வேலை. அவளே போட்ட பின்னல். கன்னத்தில் யாரோ பவுடர் அப்பியிருந்தார்கள். அவளுக்குப் பவுடர் பிடிக்காது. பக்கத்தில் சவெட்டா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது.

குரல்கள் மறுபடி எழுந்தன. லிவியு கண்ணை மூடவில்லை. வேடிக்கை பார்க்கிற இடத்தில் இருப்பதுதான் தனக்குத் தெரிந்த ஒரே வழி என்று நினைத்தான். அப்போது கழுத்துப் பின்னல் அசைந்தது.

மெல்லிய அசைவு. மறுபடியும் ஒருமுறை. அவன் உடம்பு முழுவதும் சூடு ஏறியது. அவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி அசைந்தது.

"குடு," என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. "குடு. குடுத்துடு. குடுத்துடு."

சவெட்டா திரும்பி அவனைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவனைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "கேக்குறான்," என்று கத்தினாள். "என் மருமகன் கேக்குறான் ஆண்டவரே!" அறை அதிர்ந்தது. யாரோ பெஞ்சில் அறைந்தார்கள். எஸ்தெரா அக்காவின் பெயரைச் சொல்லிக் கூவினாள்.

லிவியு மூச்சை அடக்கினான். பின்னல் அசைவது நின்றது. மூச்சை விட்டான். அசைந்தது.

இன்னொரு தடவையும் செய்து பார்த்தான்.

அதற்குப் பிறகும் அவன் எழவில்லை. மணிக்கட்டைச் சவெட்டா விடவில்லை. குரல்கள் நெடுநேரம் உயரத்திலேயே இருந்தன. பிறகு ஒன்றொன்றாக இறங்கின. முதலில் ஆண்கள் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். ஒருவர் இருமினார். முழங்கால் மாற்றிப் போடும் சத்தங்கள் கேட்டன. ஒரு பெண் தொடங்கின வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். கடைசியில் சவெட்டாவின் குரல் மட்டும் இருந்தது. அதிலும் சொற்கள் போய்விட்டன. பெயர் மட்டும், தொண்டை கிழிந்து, நீளமான இடைவெளிகளோடு.

ஒருவர் ஆமென் சொன்னால் முடிந்துவிடும். வழக்கமாகத் திராயன் சொல்லுவார். லிவியு தலையைத் தூக்கிப் பார்த்தான். அவர் பெட்டியின் அந்தப் பக்கம் கண்ணைத் திறந்துகொண்டே முழங்காலிட்டிருந்தார். அவன் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்களும் அப்படித்தான். ஒவ்வொரு முகமும் இன்னொருவருக்காகக் காத்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் முதலில் நிறுத்துகிறவன், தேவன் செய்யமாட்டார் என்று சொன்னவன் ஆகிவிடுவான். அந்தப் பழியைச் சுமந்துகொண்டு நாளைக்கு ஆராதனைக்கு எப்படி வருவது?

அந்த அறையில் விசுவாசம் இல்லாதவன் ஒருவன்தான். அவன் சொன்னால் யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. கொஞ்ச நேரம் முன்புவரை அது உண்மையாகவும் இருந்தது.

"தபிதா," என்றாள் சவெட்டா. இருமல் வந்தது.

"ஆமென்," என்றான் லிவியு.

சுற்றிலும் ஆமென், ஆமென் என்று அவசரமாக எழுந்தது. ஆட்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். யாரோ சன்னலைத் திறந்தார்கள். சவெட்டா அவன் மணிக்கட்டை விட்டாள். அவள் விரல்கள் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"நீ சொல்லிட்ட," என்றாள். கோபமாக இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி.

அவள் ஆமென் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பந்தெலிமோன் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் ஏணியில் ஏறி மேலே வந்து, ஒன்றும் கேட்காமல் கயிற்றை எடுத்தான். திராயன் வேதத்தைப் பிரித்து, உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன் என்று வாசித்தார். காற்றில் தாள் மடங்கியது. அவர் விட்ட இடத்தைத் தேடி மறுபடி அதே வரியை வாசித்தார். ஊதுகுழல்கள் ஒலித்தன. லிவியு அடியில் கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். மண் விழுந்ததும் தண்ணீர் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் சாப்பாடு தொடங்கியிருந்தது. அண்டாக்களில் முட்டைக்கோஸ் உருண்டைகள் ஆவி விட்டன. ஆட்கள் ஊரில் பாலம் கட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். லிவியு வந்ததும் நிறுத்தினார்கள். அவன் அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சமையலறைக்குப் போனான்.

அங்கே எஸ்தெரா மட்டும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் மிகச் சிறிய தீயில் ஒரு நீலப் பாத்திரம் இருந்தது. அவன் மூடியை விலக்கினான். கோழி சூப். சேமியா குழைந்து போயிருந்தது. நாலு பேருக்குக்கூட வராது.

"இது யாருக்கு?"

எஸ்தெரா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்காவுக்கு," என்றாள். "அம்மா காலையில வச்சாங்க. செத்துப்போன யவீரு மகள எழுப்பினப்போ, அவளுக்குச் சாப்பிட ஏதாவது குடுங்கன்னுதான் இயேசு முதல்ல சொன்னாராம். எழுந்ததும் பசிக்கும், அப்போ போய்க் கோழிய வெட்டிக்கிட்டிருக்க முடியுமான்னாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அடுப்ப அணைக்க எனக்குக் கை வரல. நீங்க அணைச்சுடுங்க."

அவன் குமிழைத் தொட்டான். திருப்பவில்லை.

பின்கதவு வழியாகச் சவெட்டா வந்தாள். காலணியில் மஞ்சள் சேறு. கழற்றாமலேயே அடுப்பு வரை நடந்தாள். அவனை ஒதுங்கச் சொல்லவில்லை. அவன்தான் ஒதுங்கினான். அவள் தீயை அணைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள். கொஞ்சம் நின்று, இன்னொன்றும் எடுத்தாள். பாத்திரத்தில் இருந்ததை இரண்டிலும் ஊற்றினாள். சேமியாவைக் கரண்டியால் சரிபாதியாகப் பிரித்தாள். ஒரு கிண்ணத்தை மேசையின் இந்தப் பக்கம் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

லிவியு உட்கார்ந்தான். ஒரு வாய் எடுத்தான்.

சூப்பில் உப்பு இல்லை. தபிதாவுக்கு டாக்டர் சொன்னபடியே வைத்திருந்தாள். உப்பு ஜாடி மேசையில் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இருவரும் அதை எடுக்காமல் சாப்பிட்டார்கள்.