நாற்பத்து மூன்றாவது ஆட்டம்

"மலர், இதிலை ஒண்டு உதைக்குது" என்றார் யேசுரட்ணம்.

அருள்மலர் சமையலறை மேசையில் இருந்து எண்களை வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கையில் பாணும் மறு கையில் பென்சிலுமாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"திருப்பி வாசியும்."

வாசித்தாள். அப்போதும் ஒன்று குறைந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழரை.

"பின்னேரம் பாப்பம். ஐம்பத்தைஞ்சு வருசத்துக்கு முந்தி முடிஞ்ச மட்ச். இனி எங்கை ஓடப்போகுது?"

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

பாதி குடித்தார். தாளைச் சீனிப் போத்தலுக்குக் கீழே செருகிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கவுன்சிலின் பூங்காப் பிரிவில் அவருக்குப் புல் வெட்டும் வேலை. பத்தரை மணிக்குப் பூங்கா வாசலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் அமர்ந்தார். பிறகு எழும்பவேயில்லை. அது 1991 செப்டம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை.

அந்தத் தாளை அவள் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை தொடவில்லை.

அவர்கள் லண்டனுக்கு வந்தது எண்பத்தைந்தில். மனோர் பார்க்கில் ஓர் அறையில் இரண்டு வருடம் நெருக்கிக்கொண்டு இருந்த பிறகு, கஸ்டம் ஹவுஸ் பக்கம் கவுன்சில் ஒரு வீடு கொடுத்தது. சாமான் இறக்கிய அன்றே பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹொட்ஜ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "உங்கள் வீடு ஒரு மைதானத்தின் மேலே நிற்கிறது, தெரியுமா? நாய் ஓடியது, மோட்டார் சைக்கிள் ஓடியது. என் ஆர்தருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவருக்குப் பேஸ்பால்தான்."

யேசுரட்ணம் சிரித்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் கல்லூரி கிரிக்கெட் மட்ச்சுகளுக்குப் பதினேழு வருடம் ஸ்கோர் எழுதிய மனிதர் அவர். லண்டனில் பேஸ்பாலா?

மிஸிஸ் ஹொட்ஜ் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். செத்துப்போன அவளுடைய கணவர் ஆர்தர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் அடித்தான், யார் எந்தத் தளம்வரை ஓடினான் என்று பென்சிலால் குறித்து வைத்த அட்டைகள் அதற்குள் இருந்தன. நாற்பத்து மூன்று.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் யேசுரட்ணத்தை வீட்டில் காணக் கிடைக்காது. ஸ்ட்ராட்போர்ட் நூலகத்தில் பழைய பத்திரிகைகளுடன் இருப்பார். திரும்பி வந்தால் கோட்டைக் கழற்றுமுன் கதை தொடங்கிவிடும். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறிலேயே இந்த நாட்டில் கூலி கொடுத்து ஆடவைத்த லீக் ஒன்று பிறந்து, ஒரே கோடையில் செத்துப்போனதாம். பிறகு முப்பதுகளில், கால்பந்துப் பந்தயச் சீட்டு நடத்திப் பணக்காரரான ஒருவர் பேஸ்பாலுக்குப் பணத்தைக் கொட்ட, வடக்கே லீக்குகள் முளைத்தனவாம். முப்பத்தாறில் லண்டனுக்கும் ஒன்று வந்தது. கனடாவிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்து, கூலிக்கு இங்கே ஆடினார்கள். வெஸ்ட் ஹாம் அணி, ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணியையே வென்றது. இரண்டே கோடை. அதற்குப் பிறகு லண்டன் லீக்கும் கலைந்தது. எழுபத்திரண்டில் மைதானத்தை இடித்து வீடு கட்டினார்கள்.

"ரோட்டுகளுக்கு மோட்டார் சைக்கிள்காரற்ரை பேர் வைச்சிருக்கிறாங்கள். எங்கடை ஆக்களுக்கு ஒரு ஒழுங்கைகூட இல்லை" என்று குறைப்படுவார்.

"எங்கடை ஆக்களோ?" என்று கேட்பான் அருள்மலரின் தம்பி யாக்கோப்பு. மினிகேப் வாடகைக் கார் ஓட்டுகிறவன். "அத்தான், கனடாக்காரன் எப்பவிருந்து எங்கடை ஆள்?"

"கப்பலேறி வந்து, இந்தக் குளிருக்கை நிண்டு உழைச்சவன் எங்கடை ஆள்தான்ரா."

ஆர்தரின் அட்டைகளில் குறிகள் இருந்தன, கூட்டுத்தொகைகள் இல்லை. அவற்றை யேசுரட்ணம்தான் கூட்டி எடுத்துத் தாளில் எழுதினார். எடுத்தபின் ஒவ்வொரு ஆட்டத்தையும் சரிபார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. மட்டையோடு வந்த ஒவ்வொருவனுக்கும் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, நாலு தளத்தையும் சுற்றி ஓடி வந்து ஓட்டம் எடுப்பான். அல்லது அவுட் ஆவான். இரண்டும் இல்லாவிட்டால், இடையில் ஏதோ ஒரு தளத்தில் நிற்கும்போதே மூன்று அவுட்டாகி ஆட்டமுறை முடிந்துவிடும். மூன்று வகையையும் கூட்டினால் மட்டை பிடிக்க வந்தவர்களின் எண்ணிக்கை வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. நான்கு வருடத்தில் நாற்பத்திரண்டு ஆட்டங்கள் நேராகிவிட்டன. அவள் வாசிக்க, அவர் கூட்ட, நேரானதும் தாளின் மூலையில் ஒரு சரி போடுவார். பிறகுதான் சாப்பாடு.

நாற்பத்து மூன்றாவது அட்டையை அவர் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். அதன் பின்புறத்தில் ஆர்தர், 'நான் பார்த்ததில் மிகச் சிறந்தது' என்று எழுதியிருந்தார்.

பூசை முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பகுதியிலிருந்து சுந்தரராஜன் வந்தார். திருச்சிக்காரர். யேசுரட்ணத்தின் தாள்களை வைத்து நவம்பரில் ஒரு கண்காட்சியும், கூடவே சிறு புத்தகமும் வரப்போவது அவருடைய முயற்சியால்தான்.

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது மேடம். நாப்பத்திரண்டு ஆட்டம் தாராளம். அந்தக் கடைசி ஒண்ணை விட்டுடலாம்."

"அதுதான் அவருக்குப் பெரிய ஆசை."

"தெரியும் மேடம். ஆனா நேராகாத ஆட்டம் புத்தகத்துல வரக்கூடாதுன்னு சாரே எழுதிக் குடுத்திருக்காரு. அவரு விதியை நான் எப்படி மீறுறது?"

அவர் போனதும் சீனிப் போத்தலைத் தூக்கினாள்.

வென்ற அணியில், திரும்பத் திரும்ப வந்தவர்களையும் எண்ணினால், முப்பத்தெட்டுப் பேர் மட்டை பிடித்திருந்தார்கள். ஐந்து ஓட்டம். இருபத்தாறு அவுட். தளத்தில் நின்றவர்கள் ஆறு. கூட்டினால் முப்பத்தேழு. புதன்கிழமை முழுக்க அட்டையைக் கட்டம் கட்டமாகப் பார்த்தாள். எட்டு முறை ஆடியதற்கு மும்மூன்றாக இருபத்து நான்கு அவுட், ஒன்பதாவதில் இரண்டு. அந்த நிலையில் வெற்றி ஓட்டம் வந்து ஆட்டம் முடிந்துவிட்டது. அவுட்டில் பிழையில்லை.

வியாழன் மத்தியானம் யாக்கோப்பு கறிப் பார்சலோடு வந்தான். மேசையைப் பார்த்தான்.

"அக்கா, ஒண்டுதானே குறையுது? ஒரு அவுட்டைக் கூட்டிப் போட்டுவிடு. ஆர் எழும்பி வந்து கேக்கப்போறான்?"

"வாயை மூடு."

"கோவிக்காதை. அத்தானுக்காகத்தான் சொல்றன்."

"அத்தானுக்காகவோ? பதினேழு வருசம் ஸ்கோர் எழுதின மனுசன். சொந்தக் கல்லூரி தோத்தாலும் ஒரு ரன் கூட்டிப் போடேல்லை. அவரின்ரை தாளிலை நான் பொய் எழுதுறதோ?"

யாக்கோப்பு தலையைச் சொறிந்தான். "அப்ப சாப்பிடு. பசியோடை கூட்டினா இன்னும் குறையும்."

அவளுக்குச் சாப்பிட மனம் வரவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மிஸிஸ் ஹொட்ஜ் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். உடனே முகம் மலர்ந்தது. "இது நானும் போன ஆட்டம்! கடைசி அடி அந்தக் கனடாக்காரன். பந்து எங்கேயோ போயிற்று. இரண்டாம் தளத்தில் நின்றவன் ஓடி வந்து வெற்றி ஓட்டம் எடுத்தான். சனமெல்லாம் உள்ளே பாய்ந்துவிட்டது. ஆர்தர் தொப்பியையே தொலைத்துவிட்டார்."

"அடித்தவன்?"

"அவனா? பாவம், முதல் தளத்திலேயே நின்றான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. கூட்டம் போய் அங்கேதான் அவனைத் தோளில் தூக்கியது. உங்கள் குப்பைத் தொட்டி இருக்கிறதே, அந்தப் பக்கமாக இருக்கும்."

அருள்மலர் அட்டையைத் திருப்பி வாங்கிக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். முதல் தளத்திலேயே நின்றான்.

யேசுரட்ணம் விட்ட பிழை அவளுக்கு விளங்கிவிட்டது. அது கிரிக்கெட் ஸ்கோர்காரர் மட்டுமே விடக்கூடிய பிழை. கிரிக்கெட்டில் வெற்றி அடியை அடித்தவன் அவுட் இல்லை. மட்டையை உயர்த்திக்கொண்டு வெளியே நடப்பான். அவனை 'நின்றுபோனவன்' என்று எந்த ஸ்கோர்காரனும் எழுதமாட்டான். வென்றவன் எப்படி நின்றுபோனவனாவான்? மற்ற நாற்பத்திரண்டு ஆட்டங்களில் ஒன்றுகூடக் கடைசி அடியில் இப்படி முடியவில்லை. ஆகவே அந்தப் பழக்கம் அவரை அதுவரை காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் பேஸ்பாலின் விதி வேறு. அவன் அவுட்டும் ஆகவில்லை, சுற்றி வந்து ஓட்டமும் எடுக்கவில்லை. எல்லோரையும் வெல்லவைத்துவிட்டு, அவன் இன்னும் முதல் தளத்தில் நின்றான்.

வீட்டுக்கு வந்து, பென்சிலை எடுத்து, அவருடைய ஆறை ஒரு கோட்டால் வெட்டினாள். பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதினாள். ஒரு முறை கூட்டினாள். திருப்பியும் வாய்விட்டு வாசித்துக் கூட்டினாள். முப்பத்தெட்டு.

தாளின் மூலையில் சரி போட்டாள். பிறகு யாக்கோப்பு வைத்துவிட்டுப் போன பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டாள்.

வெள்ளி காலை சுந்தரராஜன் தாளை நின்றபடியே இரண்டு தடவை பார்த்தார். "அட! இது எனக்குத் தோணவே இல்லையே, மேடம். புதுசா டைப் அடிச்சுடலாமா? வெட்டினது தெரியாம இருக்கும்."

"வேண்டாம் தம்பி. வெட்டினது தெரியட்டும். அவர் எழுதினதும் இருக்கோணும், நான் திருத்தினதும் இருக்கோணும்."

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நூலக மண்டபம் நிறைந்திருந்தது. ஆர்தரோடு வேலை செய்த கிழவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தொப்பி போட்ட உள்ளூர்ப் பேஸ்பால் பொடியள் வந்தார்கள். அருள்மலர் கூறைச் சேலைக்கு அடுத்ததாகத் தன்னிடமிருந்த நல்ல சேலையை உடுத்தியிருந்தாள். யாக்கோப்பு தனக்குத் தெரியாத ஆட்டத்தை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டு திரிந்தான். "இதெல்லாம் என்ரை அத்தான் செய்தது. எங்கடை ஆக்களைப் பற்றி" என்றான்.

சுவரின் நடுவில் கண்ணாடிக்குள் நாற்பத்து மூன்றாவது தாள் இருந்தது. அதற்கு மேலே, 'தொகுத்தவர்: ம. யேசுரட்ணம், கஸ்டம் ஹவுஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தொப்பி போட்ட அமெரிக்கர் ஒருவர் குனிந்து, உதடு அசைய, தாளின் வரிகளைக் கூட்டிப் பார்த்தார். நிமிர்ந்து சுற்றிலும் தேடினார்.

"யார் இந்த மனிதர்?"

"என் கணவர்" என்றாள் அருள்மலர். அவ்வளவு உரத்துத் தான் பேசுவாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"சரியாக வருகிறது" என்றார் அவர்.

"ஓம்" என்றாள். "சரியாத்தான் வரும்."

மிஸிஸ் ஹொட்ஜ் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தாள். யாக்கோப்பு பார்க்கிங் என்ற ஊரில் வீடு வாங்கினான். நூலகத்தின் சுவருக்குப் பலமுறை நிறம் மாறிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், அவளுடைய சமையலறைக்குக் கீழே நடந்த அந்த ஆட்டத்தில், தளத்தில் நின்றவர்கள் ஏழு பேர்.