தீவு உங்கடைதான், தம்பி

யோசப் விடியமுதலே எழும்பிவிட்டான். அகதி முகாமில் காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த பாணைத் தொடவில்லை. மனைவி பவளம் கட்டாயப்படுத்தியதில் தேத்தண்ணி மட்டும் பாதி இறங்கியது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் அன்றைக்கு அவனுக்கு அகதி விசாரணை. அவன் வாயால் சொல்வதைக் கேட்டுத்தான் புருசன் பெண்சாதி இருவரையும் இங்கே வைத்திருப்பதா, விமானம் ஏற்றிக் கொழும்புக்கே அனுப்புவதா என்று முடிவெடுப்பார்களாம். பவளத்தின் வயிற்றில் ஒரு பிள்ளையும் இருந்தது. ஒரு மனிதனுடைய பேச்சில் இவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டால் நாக்கு எப்படி ஒழுங்காகப் புரளும்?

முகாமில் விஜயரத்தினம் அண்ணை என்று ஒருவர் இருந்தார். அவருடைய மனு ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்தது. அதனாலேயே மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி தனக்கு உண்டென்று நினைத்தார்.

“ஒண்டை மட்டும் மறந்திடாதையும். மொழிபெயர்க்கிற ஆள்தான் உமக்குக் கடவுள். அவற்ர முகம் கோணினால் உம்மட கதையும் கோணிப்போடும். இந்தியாப் பொடியனெண்டால் இன்னும் கவனம். மனம் நோகக் கதைச்சுப்போடாதையும்.”

மொழிபெயர்க்க வந்தவன் இந்தியாப் பொடியன்தான். பெயர் சந்திரமௌலி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். விசாரணை அறைக்கு வெளியே, சுவரோர வாங்குப் பலகையில் பவளத்துக்குப் பக்கத்தில் விறைத்துப்போய் இருந்த யோசப்பிடம் அவனே வந்து கைகொடுத்தான்.

“எந்த ஊர் சார்? நெடுந்தீவா? அடடே, கச்சத்தீவுக்குப் பக்கம்! எங்க மாமா ராமேஸ்வரத்துல போட் வெச்சிருந்தார். ஹிஸ்டரிப்படி அந்தத் தீவு நம்மளது சார். டெல்லியில உக்காந்துக்கிட்டு இலங்கைக்குத் தாரை வார்த்துட்டாங்க.”

கச்சத்தீவு யாருடையது என்று யோசப் ஒருநாளும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. அந்தோனியார் திருநாளுக்கு இரண்டு கரை வள்ளங்களும் வரும். பூசை நடக்கும். இந்தக் கரைச் சவர்க்காரக் கட்டியும் அந்தக் கரைச் சேலையும் கைமாறும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த அரசியல். ஆனால் அண்ணையின் புத்திமதி காதுக்குள் நின்றது.

“ஓம் தம்பி, தீவு உங்கடைதான். ஆர் இல்லையெண்டினம்?”

சந்திரமௌலியின் முகம் மலர்ந்தது. நல்ல சகுனம் என்று யோசப் பவளத்தைப் பார்த்துத் தலையாட்டினான், பாவி மனுசன்.

உள்ளே இருந்த அதிகாரி அதட்டுகிறவர் அல்லர். அதுதான் யோசப்பை இன்னும் பயப்படுத்தியது. ஊரில் விசாரிக்கிறவர்கள் அடிப்பார்கள், கத்துவார்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இவரோ ஒவ்வொரு பதிலையும் பொறுமையாகக் கேட்டு, சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வாயருகில் பிடித்து, ஜெர்மன் மொழியில் அதற்குள் எதையோ சொன்னார். தன் கதை அந்தப் பெட்டிக்குள் என்னவாகிறது என்று யோசப்புக்குத் தெரியவில்லை.

அவன் நடந்ததைத்தான் சொன்னான். தம்பி அருளப்புவோடு கடலில் தொழிலுக்குப் போனது. சிறிலங்கா நேவிப் படகு கண்டமாதிரிச் சுட்டது. அருளப்புவுக்கு வயிற்றில் பட்டது. ஊர்ப்பக்கம் திரும்ப ஏலாமல் கச்சத்தீவில் வள்ளத்தை ஏற்றியது. கோயில் வாசலில் தண்ணி தண்ணி என்று கேட்டே அவன் செத்தது. அந்தத் தீவில் குடிக்கத் தண்ணீர் ஏது? கோயிலுக்குப் பின்னால் கையாலும் துடுப்பாலும் மண்ணைத் தோண்டித் தம்பியைப் புதைத்தது. நேவி அங்கேயும் வந்து இறங்கியது. முள்ளுப் பற்றைக்குள் கிடந்து அவர்களுடைய சப்பாத்துகளைப் பார்த்தது. அவர்கள் போனபின் ஊருக்குத் திரும்பி, காணியை விற்று, பவளத்தைக் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து விமானம் ஏறியது.

அதிகாரி ஏதோ கேட்டார்.

“அந்தத் தீவு எந்த நாட்டுக்குச் சொந்தம்னு கேக்கறார்” என்றான் சந்திரமௌலி.

யோசப் பொடியனின் முகத்தைப் பார்த்தான். வெளியே அப்படிச் சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொன்னால் என்ன நினைப்பான்?

“இந்தியாட தீவு” என்றான்.

சந்திரமௌலி திறந்த வாயை ஒருகணம் அப்படியே வைத்திருந்தான். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பதற்குத்தான் அவன் அங்கே இருந்தான். மொழிபெயர்த்தான்.

அதிகாரி கருவியைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பெரிய உலகப்படப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவே விரலால் தேடினார். நீலம்தான் இருந்தது. படம் போட்டவர்களுக்கு அப்படி ஒரு தீவு இருப்பதே தெரிந்திருக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு முன்னைவிட மெதுவாகக் கேட்டார். சந்திரமௌலியின் குரல் கம்மிப்போயிருந்தது.

“இந்திய மண்ணுன்னா உங்க நாட்டு நேவி எப்படி அங்க வந்து இறங்கினாங்கன்னு கேக்கறார் சார். அப்புறம்... இந்தியாவுக்குத் தப்பி வந்தவர், எதுக்குத் தானாவே இலங்கைக்குத் திரும்பிப் போனார்? உயிருக்குப் பயந்தவர் செய்யற காரியமா இதுங்கறார்.”

தான் பொய்க்காரனாகிவிட்டது யோசப்புக்குப் புரிந்தது. நேவி பொய், சூடு பொய், அருளப்புவும் பொய். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் பவளத்தின் கையைப் பிடித்து இழுத்துப்போவது கண்முன் வந்தது. முள்ளுப் பற்றைக்குள் கிடந்தபோதுகூட இவ்வளவு பயம் இருக்கவில்லை. அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இங்கே வாயைத் திறந்துதான் பிழைக்க வேண்டும், அந்த வாயாலேயே கெடுத்துக்கொண்டான்.

“தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். உங்கட மனம் நோகக்கூடாதெண்டு சொன்னது. அதையும் சொல்லுங்கோ.”

சந்திரமௌலி குனிந்தபடி சொன்னான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“மொழிபெயர்ப்பாளரைச் சந்தோசப்படுத்த ஒரு தீவையே தூக்கிக் கொடுத்தீங்களான்னு கேக்கறார்.”

“ஓம். அப்பிடித்தான்.”

அதிகாரி சிரிக்கவில்லை. சந்திரமௌலியிடம் நேராக ஏதோ கேட்டார். பொடியனின் காதுமடல் சிவந்தது. பதில் சொல்லிவிட்டு யோசப்பின் பக்கம் திரும்பினான்.

“நீ இந்தியன், உனக்குத் தெரியும், அது யாருதுன்னு கேட்டார் சார். ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தாச்சு, எங்களது இல்லைன்னு சொல்லிட்டேன்.” மாமாவின் தீவை விட்டுக்கொடுத்தவன் எச்சிலை விழுங்கினான். “ஆனா உங்க வாயால வரணுமாம். கடைசியாக் கேக்கறார். அது யாரோட மண்ணு?”

யோசப்புக்கு அந்த மண் நினைவில் வந்தது. நேவிக்காரன் சப்பாத்தோடு நடந்த மண். கோயிலுக்குப் பின்னால், நகம் பிய்யப் பிய்யத் தோண்டிய மண். சிலுவைகூட நாட்டவில்லை. கண்டால் கிளறுவார்களோ என்ற பயத்தில், புதைத்த அடையாளம் தெரியாமல் பரவி விட்டிருந்தான். அது அருளப்புவுடைய இடம் என்று சொல்ல அவனுக்கு ஆசையாக இருந்தது. அப்படி ஒரு நாடு அதிகாரியின் புத்தகத்தில் இல்லை. வெளியே வாங்கில் பவளம் இருந்தாள்.

“சிறிலங்காட மண்.”

“முழுத் தீவுமான்னு கேக்கறார்.”

“ஓம், முழுக்க. கோயிலும், பின்னால இருக்கிற இடமும். எல்லாம் அவங்கடைதான்.”

அதிகாரி கருவியை வாயருகில் கொண்டுபோனார். புரியாத சொற்களுக்கு நடுவே அருளப்பு என்ற பெயர் ஒருமுறை கேட்டது, பிறகு சிறிலங்கா என்று கேட்டது. யோசப் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.