படித்துக் காட்டாத ஐந்து வரிகள்

பெரில் படிக்க வேண்டியது ஐந்தே வரிகள். இந்த விமானம் எண்பது வருடப் பழசு, பயணிகள் விமானத்துக்குரிய பாதுகாப்பு இதில் கிடையாது, தெரிந்தே ஏறுகிறீர்கள். அவ்வளவுதான். சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன்ஷர் புல்திடலில் இரட்டை இறக்கை விமானத்தில் கால்மணி நேரம் சுற்ற வருகிறவர்களுக்குப் பதினோரு வருடமாகப் படித்துவந்தாள். வரிசைக்கே மொத்தமாக ஒரு தடவை. தனித்தனியாகப் படிக்க யாருக்கு நேரம்? கேட்பவர்களும் பாதிப் பேர் செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

டெஸ்மண்ட் பாஸ்க் அன்று வரிசை முடிந்த பிறகு மூச்சிரைக்க ஓடி வந்தார். அறுபதாவது பிறந்தநாளுக்கு மனைவி வாங்கித் தந்த சவாரி. மேற்கே மழை கட்டியிருந்தது. பெரிலின் கணவன் கிளைவ்தான் விமானி. எஞ்சினை ஓடவிட்டபடி, சீக்கிரம் என்று கையை ஆட்டினான்.

“சும்மா காகிதம்தான் சார், கையெழுத்தப் போட்டுட்டு ஓடுங்க” என்றாள். ‘படித்துக் காட்டப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். ஆறாவது நிமிடம் எஞ்சின் நின்று, விமானம் கிழங்கு வயலில் விழுந்தது. இருவருமே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு, சவாரி நடத்தும் விமான கிளப்பிலிருந்து நிறையப் பேர் போன் செய்தார்கள். கிளைவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. “படிச்சேன்னு உறுதியாச் சொல்லிடு” என்பதோடு சரி. துக்கம் விசாரிக்கக்கூட வக்கீல் யோசனை கேட்கும் ஜனங்கள்! படித்தது உண்மையென்றால் டெஸ்மண்ட் குடும்பம் போட்ட வழக்கு நிற்காது. இல்லையென்றால் காப்பீடு கைவிரிக்கும், பழி செத்த கிளைவின் தலையில் விழும், நஷ்டஈட்டுக்கு அவள் குடியிருக்கும் வீடும் போகும். படிக்கவில்லை என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லி அழக்கூட ஆளில்லாமல் ஏழு மாதம் அதை வைத்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை நாளில் நீதிமன்ற நடையில், தேநீர் இயந்திரத்தின் முன்னால் டெஸ்மண்டின் மனைவி நோரீன் பாஸ்க் நின்றிருந்தாள். எதிரெதிர்க் கட்சிகள் பேசிக்கொள்ளக் கூடாதுதான். பெரில் நகரப் பார்த்தாள்.

“இருங்க. வழக்குப் போட்டது எம்பையன். எனக்கு ஜெயிக்கிறதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அவருக்குப் படிச்சுக் காட்டினீங்கல்ல?”

நகரப் போன பெரில் திரும்பி நின்றாள்.

“டிக்கெட் வாங்கினது நான். வேணாம் வேணாம்னாரு, நான்தான் பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணினேன். ஆபத்துன்னு தெரிஞ்சும் அவராத்தான் ஏறினாருன்னா, எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.”

ஒரு ‘ஆமா’ போதும். வீடு தங்கும், கிளைவ் பெயர் தங்கும், இந்தப் பெண்ணும் தூங்குவாள். பெரிலுக்கு அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. டெஸ்மண்ட் மேசை மேல் குனிந்து, ஒரு எழுத்துக்கூடப் பார்க்காமல், அவளை நம்பிக் கையெழுத்துப் போட்டது கண்ணில் நின்றது.

“படிக்கல. சும்மா காகிதம்தான்னு சொன்னேன்.”

நோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஒண்ணும் தெரியாமத்தான் போனாரா?”

“ஆமா. தப்பு என்னோடது, உங்களோடது இல்ல.”

“இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?” என்றாள் நோரீன். திரும்பிப் பார்க்காமல் நடையின் மறுகோடிக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே பெரிலின் பெயரைக் கூப்பிட்டார்கள். கிளப் வக்கீல் புன்னகையோடு கதவைத் திறந்து பிடித்தார். அதையே இன்னொரு முறை சொல்ல அவள் தனியாக உள்ளே போனாள்.