குரியாச்சன் பெயர் தங்காத சுவர்

குரியாச்சன் எம்.எல்.ஏ. ஆன வருடத்து மழையில், அவன் பெயர் அக்காவின் கடைச் சுவரிலிருந்து இறங்கி வாய்க்காலில் நீந்திப் போனது. நீலப் பெயிண்டில் எழுதிய எழுத்துகள், வாத்துக்கூட்டம் போல வரிசை குலையாமல். பார்த்த கைதப்பள்ளி ஊர்க்காரர்கள், அன்றைக்குக் கரிமீன் என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் படகேறினார்கள்.

தேர்தல் வாடை அடித்ததுமே சுண்ணாம்படித்து, 'புக் செய்யப்பட்டது' என்று எழுதிச் சுவர் பிடிப்பது குட்டநாட்டுக் கட்சிகளின் வழக்கம். படகுத்துறையைப் பார்த்து நின்ற ஏலிக்குட்டியின் பலசரக்குக் கடைச் சுவருக்கு எப்போதும் கிராக்கி. அவள் சொன்ன விலை ஒன்றுதான்: குழாயில் குடிதண்ணீர். சுற்றிலும் காயல், குடிக்கிற தண்ணீர் மட்டும் வள்ளத்தில் வரவேண்டும். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள், தலையாட்ட என்ன, வரியா வட்டியா? தம்பி குரியாச்சனே நின்றபோது ஏலிக்குட்டி தன் கையால் அவன் பெயரை எழுதினாள். ஜெயித்தவன் சட்டசபையில் வாய் திறந்தது சுற்றுலாப் படகுகளுக்குத் துறை கேட்டு. பெயர் கிளம்பியது அன்றுதான். அவள் விலை கூடிய பெயிண்டில் திரும்பத் திரும்ப எழுதினாள், அதுவும் நீந்திப் போனது. "கூடப் பொறந்தவனைவிட உனக்குத் தண்ணி பெருசாப் போச்சா?" என்று செங்கல்லோடு மல்லுக்கு நின்றாள்.

அடுத்த தேர்தலுக்குக் குரியாச்சனே பெயிண்ட் டப்பாவோடு வந்தான்.

"செவுரு ஈரம் சேச்சி. மழை நின்னா ஒட்டும்."

"எதிர்க்கட்சிக்காரன் பேரும் ஓடிருச்சேடா, அவன் தண்ணியை விட்டுட்டுப் படகுப்போட்டி பேச ஆரம்பிச்ச அன்னிக்கு. அதுவும் ஈரமா?"

"நான் உன் சொந்த ரத்தம்."

"ரத்தத்துல கஞ்சி காய்ச்ச முடியுமாடா?"

போட்டு வைத்த டீயைத் தொடாமல் படகேறினான். ஏலிக்குட்டி அந்த டீயைக் கொட்டவும் மனசில்லாமல், குடிக்கவும் முடியாமல், மூடி வைத்தாள். பிறகு போய், கட்சியில்லாமல் நின்ற நர்ஸ் லதிகாவுக்கு ஓட்டுப் போட்டாள். சுவரில் லதிகாவின் பெயர்தான் ஒட்டியிருந்தது. ஊரும் அதைப் பார்த்தே போட்டது. தோற்ற குரியாச்சன் கிறிஸ்துமஸுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அவனுக்கென்று வாங்கிய வாத்தை அவளே அறுத்து, அவளே தின்றாள்.

லதிகா குழாயைப் பள்ளிவாசல் வரைக்கும், மாதாகோயில் கொடிமரம் வரைக்கும் கொண்டுவந்தாள். அப்புறம் மந்திரி பதவிப் பேச்சு கிளம்பியது, குழாய் அங்கேயே நின்றது. அவள் பெயரின் கடைசி எழுத்து சுவரில் கால் நீட்டியது. ஆவணிக்குள் முழுப் பெயரும் வாய்க்காலில். ஏலிக்குட்டி இந்த முறை சுவரோடு சண்டை பிடிக்கவில்லை. சுண்ணாம்பு கரைத்து அடித்தாள். அது காய்வதற்குள் பேரம் பேச வந்த கட்சிக்காரனிடம் புதிய விலையைச் சொன்னாள்: கொடிமரத்திலிருந்து படகுத்துறை வரைக்கும்.