உடும்புக்கு வைத்த காலிப் பெட்டி

1

இந்தக் கதை ஒரு தட்டுச் சத்தத்தில் பிறந்தது. இன்று மாலை வேலை முடிந்து வந்த அண்ணி, சாப்பாட்டுத் தட்டை மேசைமேல் நங்கென்று வைத்தார். எங்கள் வீட்டில் பாத்திரங்கள்கூட மெதுவாகத்தான் பேசும். என்னவென்று கேட்டேன். சொன்னார். கோபம் வந்தால் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிடுகிற ஆள் நான். இன்று கண்ணை மூடவே தோன்றவில்லை. பேனாவை எடுத்தேன்.

அண்ணிக்கு விலங்குக் காட்சிச்சாலையில் வேலை. அவர் பொறுப்பில் ஓர் உடும்பு இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'கண்ணாடி அறையின் மூலையில், ஒரு முனிவரைப்போல அந்த உடும்பு…'

தோளுக்குமேல் எட்டிப் பார்த்த அண்ணி கேட்டார்: "முனிவரா? பசிச்சா என் செருப்பையே முறைச்சுப் பார்க்கும், தம்பி."

அடித்துவிட்டேன். இனி நடந்தது மட்டும்.

அடைபட்ட பிராணியின் மூளைக்கு வேலை வேண்டும் என்று, கீல் மூடி போட்ட பெட்டிக்குள் முட்டை வைக்க ஆரம்பித்தார் அண்ணி. முதல்முறை உடும்பு பெட்டியை உருட்டியது, பிறாண்டியது, நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தது. கடைசியில் நகத்தை மூடியின் விளிம்பில் மாட்டித் தூக்கியது. அடுத்தமுறை உருட்டவே இல்லை. நேரே மூடிக்குப் போனது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: உடும்பு என்றால் நமக்கு அதன் பிடிதான் தெரியும். 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்று பழமொழி வேறு. அதன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்தவர்கள் குறைவு.)

3

கூட்டம் கைதட்டியது. மேலாளர் அதைப் பார்த்தார். நாள் முழுக்க இதைக் காட்டலாமே! ஆனால் தின்ற உடும்பு வெப்ப விளக்கடியில் போய்ப் படுத்துவிடும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டிக்குள் இறைச்சியைத் தேய்த்துவிட்டு எடுத்துவிடுவது. வாசனை இருக்கும், இரை இருக்காது.

(இந்த இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. கிழிசல் அப்படியே இருக்கட்டும்.)

மற்ற ஊழியர்கள் வைத்த காலிப் பெட்டியில் இரண்டொரு தடவை ஏமாந்தது. பிறகு அவர்கள் வந்தால் தலையைக்கூடத் தூக்கவில்லை. அண்ணி வந்தால் மட்டும் எழுந்து வந்தது. அவர் வைத்த பெட்டி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

இன்று மேலாளர் கூப்பிட்டார். "இனிமே காலிப் பெட்டியை நீங்களே வையுங்கம்மா. உங்களைத்தானே அது நம்புது?"

"அதனாலதான் சார் வைக்க மாட்டேன்."

"அட, பல்லிக்கு அண்ணன் அது. அதுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வரப்போகுதா?"

"வராமலா உங்க ஆளுங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டேங்குது?"

"நாளைக்கு நிறைய பேர் வர்றாங்க. வேலை செய்யாத பிராணிக்குக் கண்ணாடி அறை எதுக்கு? கிடங்குல போட்டுடுவோம்."

கிடங்கில் வெப்ப விளக்கு கிடையாது. சூடு இல்லாவிட்டால் உடும்புக்குத் தின்றது செரிக்காது. அது அவருக்கும் தெரியும்.

பூட்டை உடைப்பவனைத் திருடன் என்கிறோம். ஓர் உயிரின் நம்பிக்கையை உடைத்துக் கைதட்டு வாங்குகிறவனை 'சார்' என்கிறோம்.

4

முடிவு ஒன்று. மேலாளரே பெட்டியோடு உள்ளே போகிறார். உடும்பு அவர் மணிக்கட்டைக் கவ்வுகிறது. விடவில்லை. அவர் அந்தப் பழமொழியைக் கத்திக்கொண்டே… (மனநிறைவோடு எழுதினேன். கடவுள் மன்னிக்கட்டும்.)

"கடிக்க வைக்காதே" என்றார் அண்ணி. "கைதட்டு உனக்கு, அடி அதுக்கு."

முடிவு இரண்டு. இரவெல்லாம் யோசித்து மனம் மாறிய மேலாளர்…

அண்ணி சிரித்த சிரிப்பில் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

முடிவு மூன்று. முடிவு கிடையாது, வாசகர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டு எழுந்தேன். அண்ணி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் வாசனை காட்டிட்டு உள்ளே ஒண்ணும் வைக்கலையே. நீயும் அந்த சார் மாதிரிதானா?"

5

சுருக்கென்றது. ஆகவே ஒரு முட்டை வைக்கிறேன்.

இன்று அந்தப் பேச்சுக்குப் பிறகு, பார்வையாளர்கள் எல்லோரும் போனபின், அண்ணி பெட்டிக்குள் முட்டை வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். உடும்பு வந்தது, திறந்தது, தின்றது. அவர் செருப்பை நாக்கால் ஒருமுறை தொட்டுவிட்டு விளக்கடிக்குத் திரும்பியது. பார்க்க யாரும் இல்லை. சின்னக் காரியம்தான். சின்னக் காரியங்களில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்பி வந்திருக்கிறேன். இன்றும் நம்புகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நாளைக் காலை மேலாளர் இறைச்சி தேய்த்த பெட்டியை நீட்டுவார். வைத்தால், உடும்பு நம்பிய ஒரே கையும் போயிற்று. வைக்காவிட்டால் விளக்கு போயிற்று.

"என்ன செய்வீங்க அண்ணி?"

"நீயா இருந்தா என்ன செய்வே?"

அந்தக் கேள்வியை அப்படியே தாளில் எழுதினேன். அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். அண்ணி நிற்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெட்டி உங்கள் கையில். கண்ணாடிக்கு அப்பால் கைபேசிகள் உயர்ந்துவிட்டன. உங்கள் காலடி கேட்டு அது தலையைத் தூக்கிவிட்டது.

வருகிறது.